பதினேழு நிமிடம், நாற்பது விநாடி

ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.
புதன் இரவு வரை ஆளுக்கொரு காரணம் இருந்தது.

செம்பருந்து அடித்தது என்றான் நம்புவேல்.
வல்லத்தின் அணியத்தில் நின்று
தன் கண்ணாலேயே பார்த்தானாம்.
நேவிக்காரன் சிக்னலை மறித்திருப்பான் என்றார் மச்சான்.
அவர் அன்றைக்குப் பரமக்குடியில் ஒரு காதுகுத்தில் இருந்தார்.
எனக்கு மூன்றாவது மோட்டார் மேல்தான் சந்தேகம்.
அதன் ஈயப்பற்று நானே வைத்தது,
கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரியில்.

எடுத்தது பெரிய கதையில்லை.
திருப்பாலைக்குடிக்கு நேர் கிழக்கே, மார்பளவுத் தண்ணீர்.
செல்போன் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும்
ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு
நம்புவேல் குதித்தான்.
கடற்புல்லுக்குள் மல்லாந்து கிடந்தது.
ஒரு கை முறிந்திருந்தது.
கேமராவுக்கும் வயிற்றுக்கும் நடுவில்
சுண்டுவிரல் நகம் அளவு நண்டு,
அதற்குள் குடியேறிவிட்டது.

நல்ல தண்ணீரில் அலசி
அரிசி டப்பாவில் மூன்று நாள்.
கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மற்றவர்களின் போன்களைத் திறந்தபடி
இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
புதன் ராத்திரி பத்தரைக்கு
மெமரி கார்டு வாய் திறந்தது.

முதலில் மோட்டாரைப் பார்த்தேன்.
கேட்டதைக் கொடுத்திருக்கிறது, கடைசி நொடி வரை.
என் ஈயப்பற்றே, மன்னித்துக்கொள்.
பேட்டரி இறங்கியிருந்தது, தீரவில்லை.
திசைகாட்டி சுத்தம்.
பதினெட்டு செயற்கைக்கோள்கள், ஒன்றுகூட விடுபடவில்லை.
பருந்து அடித்தால் ஒரு குலுக்கலாவது இருக்கும்.
கோடு, இஸ்திரி போட்ட வேட்டிக் கரை மாதிரி நேராக ஓடுகிறது.

பிறகு உயரம்.
முப்பது மீட்டர். முப்பது. முப்பது.
இருபத்தொன்பதரை.
இருபத்தொன்பது.
விழுகிற எதுவும் இப்படி விழாது.
நொடிக்கு அரை மீட்டராக,
தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி
இறங்கியிருக்கிறது.
சுழி.
அதற்கு நேரே ஒரு வரி:
தரையிறக்கம் வெற்றி.

புறப்பட்ட இடத்தின் எண்ணைத் தேடினேன்.
ஒன்பது புள்ளி ஐந்து நான்கு என்று தொடங்கி
ஆறு இலக்கம்.
முடிந்த இடத்திலும் அதே ஆறு இலக்கம்.

நகர்ந்தது நாங்கள்தான்.
கரையோரம் கம்பு நட்ட வலையின் வடிவத்தை
மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டு
வல்லத்தின் பலகையில் இருந்து ஏற்றினேன்.
அந்தப் பலகைக்குக் கீழே இருந்த தண்ணீரை
அது வீடு என்று குறித்துக்கொண்டது.
நங்கூரம் போடவில்லை.
கச்சான் காற்று எங்களை
முந்நூறு மீட்டர் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது,
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்புவேலிடம் சொன்னதும்
பீடியை எடுத்துவிட்டு முறைத்தான்.
"அப்ப என் வல்லத்து மேல குத்தமா?
நங்கூரம் போடுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியாடா?
டீசலுக்கு இருநூறு எடு மொதல்ல."
எடுத்தேன்.

அவனுக்குக் காட்டாத பக்கம் ஒன்று உண்டு.
வெயிலில் திரை வெள்ளையாகிப் போனபோது
கை பதறி நானே அழுத்திய பொத்தான்.
பதினைந்தாவது நிமிடம், இரண்டாவது விநாடியில்
வீட்டுக்குத் திரும்பு.
ஒன்பதாவது விநாடியில், வீட்டுக்குத் திரும்பு.
முப்பத்தொன்றில் மறுபடி.
மூன்றையும் அது நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறது.
திட்டிய திட்டு மட்டும் பதிவாகவில்லை.

வீடியோவும் கிடைத்தது, கடைசித் துண்டு மட்டும்.
தொலைவில் நீல வல்லம்,
அதன்மேல் கட்டை விரல் உயரத்தில் நான்,
இரண்டு கையையும் ஆட்டுகிறேன்.
அங்கே இறங்காதே என்றுதான் ஆட்டினேன்,
நன்றாக நினைவிருக்கிறது.
ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால்
வழியனுப்புகிற மாதிரி இருக்கிறது.